நான் காற்று, ஆகவே கலியாணத்துக்கு வர ஏலாது

ஸ்டுட்கார்ட்,
10.05.2026, ஞாயிற்றுக்கிழமை.
மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை. (எங்கள் கட்டிட விதிகளின்படி சத்தம் போடக்கூடாத நேரம், ஆகவே கடிதம்.)

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய இராசலிங்க மச்சான் அவர்கட்கு,

உங்கள் தங்கச்சியின் கணவன் சோதிலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி கமலாம்பிகையும் மகள் கிருசாந்தியும் நலமாக இருக்கிறோம். அங்கே ஸ்காபரோவில் நீங்களும் மச்சாளும், வருகிற மாதம் மாப்பிள்ளையாகப் போகும் உங்கள் கடைசி மகன் துவாரகனும் அவ்விதமே நலமாக இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். உங்கள் இரத்த அழுத்தத்துக்காகத் தனியாக ஒரு அர்ச்சனையும் செய்வித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அது தேவைப்படும்.

இந்தக் காலத்தில் ஏன் தாளில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன மாதம் 19ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பாக நீங்கள் என்னை வட்ஸ்அப்பில் தடை செய்தீர்கள். பின்னர் உங்கள் தங்கச்சியைத் தடை செய்தீர்கள். அடுத்த நாள், ஒரு குற்றமும் செய்யாத கிருசாந்தியையும் தடை செய்தீர்கள். கடிதத்தைத் தடை செய்ய இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை. படிக்காமல் கிழிக்கலாம்தான், ஆனால் கிழிக்கிறவர்கள் பெரும்பாலும் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் உங்கள் கட்டளையைப் பற்றி. "சோதி, நீர் ஒரு ஆம்பிளையோ? உம்மடை மனுசி கொரியாக்காரரோடை சேர்ந்து மேளம் அடிக்கிறாவாம், நீர் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறீராம். நாளைக்கே போய் அவவின்ரை பேரை எடுப்பியும்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். உங்கள் சொல்லை நான் இந்த முப்பத்தாறு வருடத்தில் ஒருமுறையும் தட்டியதில்லை. அடுத்த நாளே போனேன். பேசினேன். கையெழுத்தும் போட்டேன். அதன் பலனாக இப்போது உங்கள் தங்கச்சி மட்டும் அல்ல, நானும் அடிக்கிறேன் என்பதை மிகுந்த பணிவோடு அறியத் தருகிறேன்.

இது எப்படி நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் நீங்கள் வேறு விதமாக நினைப்பீர்கள். மாசி மாதம் எங்கள் தமிழ்ச் சங்கம் நகரசபை மண்டபத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு, "புலம்பெயர்ந்த மண்ணில் தமிழைக் காப்பது வீடா, பள்ளியா?" நான் வீடு என்ற அணியில் இரண்டாவது பேச்சாளர். பதினேழு நிமிடம் பேசினேன். முன்வரிசையில் கமலாவுக்குப் போட்ட கதிரை கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. பேச்சு முடிந்து, எனக்குப் போர்த்திய பொன்னாடையோடு அவவைத் தேடிப் போனால், பக்கத்து மண்டபத்தில் இருந்து ஒரு அலறல் கேட்டது. யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே கொரியக் கலைவிழா. மேடையில் ஒரு அம்மையார் கையில் விசிறியோடு நின்று ஒரு நீண்ட கதையைப் பாட்டாகச் சொல்லுகிறார். பக்கத்தில் ஒரே ஒருவர் நிலத்தில் இருந்து மேளம் தட்டுகிறார். வேறு ஒன்றும் இல்லை. மூன்றாவது வரிசையில் உங்கள் தங்கச்சி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறா.

"மண்டபம் மாறி வந்திட்டியளோ? அங்கை நான் பேசி முடிச்சிட்டன்" என்று காதுக்குள் சொன்னேன்.

"மாறித்தான் வந்தனான். பேந்து மாறேல்லை. இஞ்சருங்கோ அப்பா, அங்கை நீங்கள் ஏழு பேர் தமிழிலை கதைச்சீங்கள், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இஞ்சை இந்த மனுசி கொரிய பாசையிலை அழுகுது, எல்லாம் விளங்குது. பேசாமல் இருங்கோ."

பொன்னாடையோடு பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் அந்த மேளக்காரர் எங்களைப் பார்த்து ஜேர்மன் மொழியில் ஒரு அறிவித்தல் செய்தார். எங்கள் நாட்டில் இந்தப் பாட்டைச் சும்மா கேட்கக்கூடாது, நல்ல இடம் வந்தால் கேட்கிறவர்கள் சத்தம் போட வேண்டும், சத்தம் போடாவிட்டால் பாடுகிறவருக்குப் பலம் வராது, தயவுசெய்து 'ஒல்சிகு' என்று கத்துங்கள் என்றார். மச்சான், நான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளில் இருந்து இந்த நாட்டில் எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றே ஒன்று, சத்தம் போடாதே என்பது. அகதி முகாமில் சொன்னார்கள். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த தொழிற்சாலையில் சொன்னார்கள். இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்த அன்று அதைப் பதினாறு விதிகளாக அச்சடித்துத் தந்தார்கள். இங்கே சங்கீதக் கச்சேரிக்குப் போனால் இருமல் வருகிறவர்கள் கூட இடைவேளை வரைக்கும் பிடித்து வைத்திருப்பார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் மேடையில் இருந்து என்னைப் பார்த்து, ஐயா தயவுசெய்து கத்துங்கோ என்று கேட்கிறார். அடுத்த நல்ல இடம் எப்போது வரும் என்று காத்திருந்து, பொன்னாடையோடு எழும்பி நின்று, "அப்பிடிப் போடு!" என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பாடின அம்மையார் என் பக்கம் திரும்பி, விசிறியை மடித்து, தலை குனிந்தார். என் பதினேழு நிமிடப் பேச்சுக்கு வராத கைதட்டல் அந்த இரண்டு சொல்லுக்கு வந்தது.

அன்றில் இருந்து நாங்கள் விடவில்லை. காகிதம் செய்யும் பட்டறைக்குப் போனோம். நான் செய்த காகிதத்தை ஆசிரியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முட்டைக்கோவாவை ஊறுகாய் மாதிரி ஊறப்போடும் வகுப்புக்குப் போனோம். கமலா அதற்குள் இரண்டு கரண்டி எங்கள் வீட்டு மிளகாய்த்தூளைப் போட்டுவிட, கற்பிக்க வந்தவர்களே செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான்கு மணித்தியாலப் படம் ஒன்றை ஜேர்மன் எழுத்தை வாசித்து வாசித்துப் பார்த்தோம். தேநீர் ஊற்றுகிற நிகழ்ச்சிக்குப் போய் ஒரு மணித்தியாலம் தேநீர் ஊற்றுவதைப் பார்த்தோம். கடைசியில் தந்தது மூன்று மிடறு, ஆனால் அந்த மூன்று மிடறுக்கு நான் இன்றைக்கும் தயார். நாள் என்பதற்கு அவர்களும் நாள் என்பதுபோலத்தான் சொல்லுகிறார்கள், புல்லுக்கும் அவர்களிடத்தில் புல்லேதான், அப்பாவுக்கும் அப்பாவேதான். இதைக் கொண்டு நான் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் எழுதவில்லை. அதற்கு எங்கள் சங்கத்தில் ஏற்கனவே ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

பங்குனியில் கமலா அவர்களுடைய மேளக் குழுவில் சேர்ந்தா. உடுக்கைப் பெரிதாகச் செய்து படுக்கவைத்தது மாதிரி ஒரு மேளம். அதை மடிக்கு முன்னால் வைத்து இரண்டு பக்கமும் தடியால் அடிக்க வேண்டும். குழுவில் பன்னிரண்டு இளம் பெண்கள். எல்லோரும் உங்கள் தங்கச்சியை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டார்கள். நான் இதை இலக்கண ரீதியாக யோசித்தேன். நாங்கள் ஊரில் மச்சாள் என்றாலும், படங்களில் அண்ணி என்றால் அண்ணனுடைய பெண்சாதி. கமலா அண்ணி என்றால் அண்ணன் நான். ஆக எனக்குத் தெரியாமல் எனக்குக் கொரியாவில் பன்னிரண்டு தங்கச்சிமார். அவர்கள் பாசையில் ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடும் சொல் எங்கள் காதுக்கு அப்படி விழுகிறது என்று கிருசாந்தி பிறகுதான் விளங்கப்படுத்தினாள். அதுவரை இரண்டு கிழமை நான் ஒரு அண்ணனுக்குரிய பொறுப்போடு நடந்துகொண்டேன்.

குழுவின் அரங்கேற்றம் ஆனி 13ஆம் திகதி சனிக்கிழமை என்று அப்போதே முடிவாகிவிட்டது. இந்த இடத்தை, மச்சான், தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். அந்த நேரம் துவாரகனுடைய கலியாணம் 6ஆம் திகதி. நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது, அதில் 6 என்று தங்க எழுத்தில் இருக்கிறது. கலியாணத்துக்கு வந்து, கமலா மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்து, நாலு நாள் நின்று, திரும்பிவந்து மேளம் அடிக்க நாங்கள் ஆயத்தமாகவே இருந்தோம். சித்திரையில்தான் நீங்கள், சாத்திரியார் திரும்பப் பார்த்தவராம், 6ஆம் திகதியில் ஒரு தோசம் இருக்காம் என்று சொல்லிக் கலியாணத்தை 13க்குத் தள்ளினீர்கள். நாளை மாற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. வரலாறு கேட்கும்.

இனி நான் கையெழுத்துப் போட்ட கதை. இந்த நாட்டில் அன்மெல்டுங் என்றால் பெயரைப் பதிவது. அப்மெல்டுங் என்றால் பெயரை எடுப்பது. நடுவில் ஒரு எழுத்து வித்தியாசம், மனிதருடைய சீவியம் முழுவதும் அந்த ஒரு எழுத்தில்தான் நிற்கிறது. உங்கள் கட்டளைப்படி ஒத்திகை நடந்த இடத்துக்குப் போய், குழுவின் ஆசிரியை பாக் அம்மையாரிடம், "என் மனைவிக்கு அப்மெல்டுங்" என்று கம்பீரமாகச் சொன்னேன். பின்னால் பன்னிரண்டு மேளம்; மனைவி என்ற சொல் அதற்குள்ளேயே போய்விட்டது. அவர் ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருடம். அவருக்கு அது அன்மெல்டுங் என்று கேட்டிருக்கிறது. ஏற்கனவே பதிந்த ஆளை ஏன் திரும்பப் பதிய வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டு கையை ஆட்டி, "அனியோ" என்றார். கொரிய பாசையில் அனியோ என்றால் இல்லை, வேண்டாம். எனக்கு அது, "அண்ணியோ?" என்று கேட்டது. அண்ணியுடைய அலுவலோ என்று கேட்கிறார், எவ்வளவு மரியாதை என்று நினைத்து, "ஓம் ஓம், அண்ணிதான்!" என்று நல்ல தமிழில் சத்தமாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். என்னைக் காட்டினார். நான் நெஞ்சில் கைவைத்து, ஓம், நான்தான் கணவன் என்ற பாவனையில் தலையாட்டினேன். உடனே ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "இதோடை எல்லாம் முடிஞ்சுதா?" என்று ஜேர்மனில் கேட்டேன். "நே" என்றார். மச்சான், இங்கே பேச்சு வழக்கில் நே என்றால் இல்லை. அப்படியானால் இன்னும் எங்கேயோ ஒப்பம் வைக்க வேண்டும் என்று நினைத்து, அடுத்த பக்கத்திலும் வைத்தேன். கொரிய பாசையில் நே என்றால் ஓம். ஒரே சத்தத்துக்கு ஒரு நாட்டில் இல்லை, இன்னொரு நாட்டில் ஓம். இரண்டுக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் நின்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டவன் உங்கள் மச்சான்.

வீட்டுக்கு வந்து, அலுவல் முடிந்தது என்று கதிரையில் சாய்ந்தேன். பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. கிருசாந்தி வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு வியாழக்கிழமை டெர்மின்."

"என்ன டெர்மின்? கண் டொக்டரோ?"

"ஒத்திகை அப்பா. குழுவிலை சேர்ந்ததுக்கு நன்றியாம். நீங்கள் காற்றாம்."

"என்னது?"

"காற்று அப்பா. விண்ட். அவையள் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்."

போய், எனக்கு அடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் போனேன். பாக் அம்மையார் விளங்கப்படுத்தினார். இந்த இசையில் நான்கு வாத்தியம். சின்னத் தாளம் இடி. பீப்பாய் மேளம் முகில். கமலா அடிக்கும் உடுக்கு மேளம் மழை. நான்காவது ஒரு பெரிய பித்தளைத் தட்டு, கயிற்றில் தூக்கிப் பிடித்துத் துணி சுற்றிய தடியால் அடிப்பது, அதுதான் காற்று. பன்னிரண்டு எண்ணுக்கு ஒருமுறை அடித்தால் போதும். அதைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது, அது எங்களுடைய சேமக்கலம். ஊரில் கோயிலிலும் செத்தவீட்டிலும் அடிப்பார்களே, அதுவேதான், கொஞ்சம் கனம் கூட. செத்தவீட்டுச் சாமானை நான் தொடமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மரியாதைக்கு ஒருக்கால் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்று அடித்தேன். மச்சான், அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, காலால் ஏறி வந்தது. நெஞ்சுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையால் போனது. வாயைத் திறந்தது திறந்தபடி நின்றேன். "இன்னொருக்கா அடிக்கலாமோ?" என்று கேட்டது என் குரல்தான் என்று பிறகு சொன்னார்கள்.

அதன் பிறகுதான் பெரிய சிக்கல். அன்றைக்கு நான் எண்ணத் தவறி ஒன்பதில் அடித்துவிட்டேன். கமலா மேளத்தை நிற்பாட்டி, "அப்பா! கண்ணாடியைப் போட்டுப் பாத்து எண்ணுங்கோவன் அப்பா!" என்று கத்தினா. எங்கள் ஊரில் மனுசிமார் புருசன்மாரை அப்பா என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு கொரியப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அப்பா என்றால் அப்பா. எல்லோரும் தடியைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒரு பிள்ளை ஓடிப்போய் மெத்தை போட்ட கதிரை கொண்டுவந்தாள். இன்னொருத்தி இரண்டு கையாலும் தேநீர் தந்தாள். எல்லோரும் வரிசையாக வந்து குனிந்து கும்பிட்டார்கள். மகளோடு சேர்ந்து மேளம் பழக வந்த தகப்பன் என்று அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பாக் அம்மையார் மெல்ல என் வயதைக் கேட்டார். அறுபத்தேழு என்றேன். ஜேர்மனில் இலக்கத்தைத் தலைகீழாக, ஏழும் அறுபதும் என்று சொல்ல வேண்டும். சொன்ன நான் ஒரு பக்கம் புரட்ட, கேட்ட அவர் இன்னொரு பக்கம் புரட்ட, அது எழுபத்தாறு ஆகிவிட்டது. உங்கள் தங்கச்சி தலைக்கு மை பூசுகிறா. நான் கொள்கை காரணமாகப் பூசுவதில்லை. மிச்சத்தை அவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், அடுத்த கிழமை இதைத் திருத்திவிட வேண்டும் என்று சொன்னேன்.

"வாயைத் திறந்தீங்களெண்டால் பாருங்கோ" என்றா கமலா. "முப்பத்தாறு வருசத்திலை நீங்கள் என்னை ஒருநாள் இளமை எண்டு சொன்னனீங்களே? பன்ரண்டு பேர் ஒரேயடியாய்ச் சொல்லீனம். கெடுக்காதையுங்கோ அப்பா."

"அந்த அப்பாவாலைதானே இவ்வளவும்."

"அப்ப என்னெண்டு கூப்பிட? சோதிலிங்கம் எண்டோ? உங்களுக்குக் கதிரை தந்தவை, தேத்தண்ணி தந்தவை. எனக்கு இருபது வயசு தந்தவை. சும்மா வாங்கோ."

சேமக்கலத்தை வீட்டில் அடித்துப் பழக ஏலாது. அதனால் நிலவறையில், உடுப்புக் காயப்போடும் கயிற்றில் அதைக் கட்டி, பின்னேரங்களில் பழகினேன். சூடாக்கிக் குழாய்கள் அந்தச் சுவரால்தான் போகின்றன என்பதை நான் கவனிக்கவில்லை. நாலாம் மாடி வரைக்கும் குழாய் பாடியிருக்கிறது. ஆறு வீட்டுக்காரர் சேர்ந்து முறைப்பாடு கொடுத்து, பழுது பார்க்கிறவர் பெட்டியோடு வந்து, குழாய்க்குக் குழாய் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றார். என் கையில் தடியைக் கண்டும் அவர் தன் படிவத்தை விடவில்லை. "இந்தச் சத்தம் எப்போதில் இருந்து?" "போன செவ்வாயில் இருந்து." "எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?" "பன்னிரண்டு எண்ணுக்கு ஒருமுறை." எழுதினார். அறிக்கையின் பிரதி எங்களுக்கும் வந்தது. "பழுது எதுவும் இல்லை. காரணம்: மனிதர்."

இனி மூன்றாம் பக்கம். உங்கள் மருந்தைப் போட்டுவிட்டு வாசியுங்கள்.

நாங்கள் 13ஆம் திகதி கலியாணத்துக்கு வரமாட்டோம். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. "மழையும் காற்றும்: மகளும் தந்தையும்" என்பதுதான் முக்கிய நிகழ்ச்சி. எங்கள் பகுதிப் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. படத்தில் கமலா சிரிக்கிறா, நான் எழுபத்தாறு வயதுக்கு மிகவும் நேராக நிற்கிறேன். காற்று இல்லாமல் மழை பெய்யலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அதைப் பாக் அம்மையாரிடம் கேட்டேன். அது வெறும் தூறல் என்றார்.

உங்களுடைய கோபம் நியாயம் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் சொந்த மாமி இல்லாமல் ஆலாத்தி எடுக்கிறது சபைக்கு அழகில்லைத்தான். கடைசியாக ஒருமுறை, உங்களுக்காகவே, கமலாவிடம் கேட்டேன். குசினியில் கோவா வெட்டிக்கொண்டு நின்றா. கத்தியை வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணற்றை மூத்த மூண்டு பிள்ளையளின்ரை கலியாணத்திலையும் நான்தான் ஆலாத்தி எடுத்தனான். மூண்டு வீடியோவையும் போட்டுப் பாருங்கோ. என்ரை கையும் தட்டமும்தான் வருது. முகம் ஒண்டிலையும் இல்லை. நான் குறை சொல்லேல்லை, ஆலாத்தி எண்டால் அப்பிடித்தான். ஆனால் இந்த ஒருநாள் மேடையிலை இருந்து அடிக்கப் போறன், சனம் என்ரை முகத்தைப் பாக்கப் போகுது. எனக்கு அறுபத்துமூண்டு வயசு. அண்ணையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, இன்னொருக்கா எப்ப வருமெண்டு."

கேட்கிறேன், மச்சான். எப்ப வரும்?

நானும் அந்த மூன்று வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். கை மட்டும்தான் வருகிறது. நல்ல வடிவான கை.

ஆகவே இது எங்கள் இறுதி முடிவு. இதில் மாற்றம் இல்லை. ஆலாத்திக்குப் புஸ்பவதி அக்காவைக் கேட்டுப் பாருங்கள். அவ எப்படியும் கமராவுக்கு முகத்தைக் காட்டிவிடுவா. துவாரகனும், வரப்போகும் மருமகள் சிவசக்தியும் எல்லாச் செல்வமும் பெற்று, கண் நிறைந்த பிள்ளைகளோடும், காது நிறைந்த சத்தத்தோடும் நீடு வாழ நாங்கள் இங்கிருந்தே மனதார வாழ்த்துகிறோம். மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் கோபம் ஆறும் நாளில் எங்களில் ஒருவரையாவது தடையில் இருந்து எடுத்துவிடுங்கள். கிருசாந்தியை முதலில் எடுத்தால் நல்லது, அவள் பாவம்.

இங்ஙனம்,
என்றும் உங்கள் சொல் தட்டாத,
வே. சோதிலிங்கம்
(காற்று)

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும் நேரம் தொலைபேசி அடித்தது. ஸ்காபரோவில் இருந்து உங்கள் வருங்கால மருமகள் சிவசக்தி. கிருசாந்தி இணையத்தில் போட்ட எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமி, அது நீங்களே மாமி? எனக்கு நம்ப ஏலாமல் கிடக்கு!" என்று அழுதுகொண்டே கதைத்தாள். மச்சான், பிள்ளை கொரியப் பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாத ஆளாம். அந்தச் சந்தோசத்தில் எல்லாத்தையும் கொட்டிவிட்டாள். நீங்கள் கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கோ. 6ஆம் திகதி ரொறொன்ரோவில் ஏழு கொரியப் பெடியளின்ரை கச்சேரி இருந்ததாம். ரிக்கெற் போன வருசமே எடுத்தாச்சாம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய்ச் சாத்திரியாரைக் கண்டு, 6ஆம் திகதியிலை ஒரு தோசம் பாத்துத் தாங்கோ எண்டு கேட்டவையாம். அவர் நல்ல மனுசன், பாத்துக் குடுத்திருக்கிறார். இப்ப அந்தக் கச்சேரி 13ஆம் திகதிக்கு மாறிப் போச்சுதாம். இண்டைக்குக் காலமை சாத்திரியார் திரும்பவும் பாத்தவராம். 6ஆம் திகதி தோசம் தானாய் நீங்கிவிட்டதாம், 13தான் சரியில்லையாம். மண்டபக்காரரும் 6ஆம் திகதியை இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம். துவாரகன் நாளைக்கு உங்களுக்குச் சொல்லப் போறான். ஆகவே இந்தக் கடிதம் கிடைக்கும்போது உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் இதை வாசிக்கும்போது முதல்தரம் கேட்பதுபோல அதிர்ச்சி அடைந்து காட்டவும்.

எனவே மேலே எழுதியது ஒன்றும் செல்லாது. நாங்கள் வருகிறோம். கமலா ஆலாத்தி எடுப்பா; ஆனால் கமராக்காரரிடம் முகத்தை எடுக்கச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

இன்னும் ஒன்று. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்தோடு என்னையும் சேமக்கலத்தில் ஒரு அடி அடிக்கச் சொல்லிச் சிவசக்தி கேட்டாள். செத்தவீட்டுச் சாமானைக் கலியாண வீட்டில் அடித்தால் நீங்கள் என்ன பாடுபடுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உடனே மறுத்துவிட்டேன். ஆனால் அவசரத்தில் இங்கத்தைப் பழக்கத்திலே, "நே, நே" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை கொரியன் படித்த பிள்ளை. நன்றி மாமா என்று வைத்துவிட்டாள். இப்போதுதான் கிருசாந்தி கைத்தொலைபேசியில் காட்டினாள், சிவசக்தி அனுப்பிய புது அழைப்பிதழ் மாதிரியில் என் பெயர் ஏறிவிட்டது, தங்க எழுத்தில், சாத்திரியாருடைய பெயருக்குக் கீழே.